புதுப்பிப்பு: குறியீட்டு வினாவுக்கு இட எண்களின் கூட்டுத்தொகை கைகொடுத்தது

'ஃபிங்கர்' என்ற ஆங்கிலச் சொல் 'ஆர், எஃப், எச், ஓ, ஜே, எஃப்' எனக் குறிக்கப்பட்டால் 'சில்வர்' எவ்வாறு குறிக்கப்படும் என்று நான் கேட்டதற்கு வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி.

ஆங்கில அகரவரிசையில் எழுத்து நிற்கும் இடமே அதன் இட எண் (ஏ = 1, இஸட் = 26). ஓர் எழுத்து, அதற்கு மாற்றாக வரும் எழுத்து ஆகிய இரண்டின் இட எண்களும் சேர்ந்து 27 ஆகும் எதிரெழுத்து முறை (ஏ-க்கு இஸட், பி-க்கு ஒய்) பொருந்தவில்லை. பொருந்துவதானால் முதலெழுத்து 'யூ' ஆகியிருக்க வேண்டும். எழுத்துகளின் இட எண்களைக் கூட்டிப் பார்க்கச் சொன்னவரின் யோசனையே பலித்தது. மூலச் சொல்லின் தொகை 59, குறியீட்டின் தொகை 63. எழுத்துகளை எப்படி இடம் மாற்றினாலும் தொகை மாறாது என்பதால், மிகுந்த 4 என்பது நான்கு எழுத்துகள் ஒவ்வோர் இடம் நகர்ந்ததன் அடையாளமாகலாம் எனக் கொண்டு, சொல்லைத் தலைகீழாக எழுதியபோது, முதலும் கடையும் அப்படியே நிற்க, நடுவிலுள்ள நான்கும் அடுத்த எழுத்துகளாக மாறியிருந்தன. ஆகவே விடை: 'ஆர், எஃப், டபிள்யூ, எம், ஜே, எஸ்'. இங்கும் தொகை 85-லிருந்து 89 ஆகிறது.

எதிர்பாராத ஒன்று: 'ஃப்ரீஸ்' போல நடுவில் 'இஸட்' வரும் சொல்லில் அது 'ஏ' ஆகிவிடுவதால், தொகை 4 கூடுவதற்கு மாறாக 65-லிருந்து 43-க்கு இறங்குகிறது. அத்தகைய இடத்தில் 26-ஐச் சேர்த்துக்கொண்டால் கணக்கு சரியாகிறது.