கால் பிடித்துவிடும்போது கூசுகிறது என்கிறார்கள், எப்படிச் செய்தால் சுகமாக இருக்கும்?

சுங்கை சிப்புட் தங்கச்சி:

வணக்கம் அக்காமாரே, அண்ணன்மாரே. நான் சுங்கை சிப்புட்டில் ஒரு பெண்கள் சலூனில் வேலை செய்கிறேன். முடி வெட்டுவது, திரெடிங், ஃபேஷியல் எல்லாம் பழகிய வேலை. தீபாவளி சமயத்தில் முதலாளியம்மா பெடிக்கியூரோடு கால் பிடித்துவிடுவதையும் சேர்த்துவிட்டார், ஒரு காலுக்குப் பத்து நிமிடம். அதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, வீடியோ பார்த்துத்தான் செய்கிறேன்.

வருகிறவர்கள் பலவிதம். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வுபெற்ற பாட்டிமார், செம்பனைக் காட்டில் இன்னும் உரம் போடுகிற அக்காமார், ஆசிரியைகள், ஈப்போ பக்கம் ஃபேக்டரியில் நின்றுகொண்டே வேலை செய்யும் பிள்ளைகள். சிலர் உள்ளங்காலைத் தொட்டாலே காலை இழுத்துக்கொள்கிறார்கள். சிலர் இன்னும் அழுத்து, இன்னும் அழுத்து என்கிறார்கள், சாயந்திரம் ஆனால் என் கட்டைவிரலை மடக்க முடியவில்லை. எந்த எண்ணெய் நல்லது, எங்கே தொடங்கி எங்கே முடிப்பது, இனிப்புநீர் (சர்க்கரை நோய்) உள்ளவர்களுக்குச் செய்யலாமா? ஒரு பாட்டி கோடாலித் தைலம் போட்டுப் பிடி என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார், போடலாமா? வருகிறவர்கள் அசதி தீர்ந்து போக வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈப்போ அக்கா:

தங்கச்சி, விரல்நுனியால் லேசாகத் தொட்டால் யாருக்கும் கூசத்தான் செய்யும். உள்ளங்கை முழுவதும் படுகிற மாதிரி, கொஞ்சம் அழுத்தமாக, நிதானமாகத் தொடு. எடுத்ததும் உள்ளங்காலுக்குப் போகாதே. ஒரு கை மேலே, ஒரு கை கீழே வைத்துப் பாதத்தைப் பொத்திப் பிடித்துக்கொண்டு சும்மா இரு, அவர் இரண்டு மூன்று மூச்சு விடட்டும். பல பேருக்கு அந்தப் பிடியிலேயே தோள் இறங்கிவிடும், நீயே பார்ப்பாய். எண்ணெயை நேராகக் காலில் ஊற்றக்கூடாது, உன் கையில் ஊற்றித் தேய்த்துச் சூடு வந்த பிறகு வை.

அப்புறம் புறங்காலில் தொடங்கி, கணுக்காலைத் தாண்டிக் கெண்டைக்கால்வரை நீளமாக மேல்நோக்கி வழித்துவிடு. ஏறும்போதுதான் அழுத்தம், ரத்தம் இதயத்துக்குத் திரும்புகிற திசை அது. இறங்கும்போது கை சும்மா படிந்து வந்தால் போதும். கணுக்கால் எலும்பைச் சுற்றி வட்டமாகத் தேய்த்துவிட்டு, ஒரு கையில் குதிகாலைத் தாங்கிக்கொண்டு மறு கையால் பாதத்தை இரண்டு பக்கமும் மெதுவாகச் சுழற்று. ஒரு பாதத்தில் 26 எலும்பு, 33 மூட்டு இருக்கிறது. நாள் முழுக்க ரப்பர் சப்பாத்துக்குள் இறுகிக் கிடந்த காலுக்கு இந்தச் சுழற்றலிலேயே பாதி நிம்மதி வந்துவிடும். புறங்காலில் எலும்புகளுக்கு நடுவே பள்ளம் பள்ளமாக இருக்கும் பார், அதில் கட்டைவிரலைக் கணுக்கால் பக்கமாக வழித்துக்கொண்டு போ. கால்விரல்களை ஒவ்வொன்றாக அடியில் பிடித்து லேசாகத் திருகி நுனிவரை இழுத்துவிடு. சொடக்கு மட்டும் எடுக்காதே, அவர்களே கேட்டாலும் எடுக்காதே.

உள்ளங்காலுக்கு இப்போது வா. கையை மடக்கி, விரல் முட்டிகளால் முன்பாதத்திலிருந்து குதிகால்வரை ஒரே இழுப்பாக, மெதுவாக இறக்கு. குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை ஒரு தடித்த பட்டை ஓடுகிறது. காலையில் எழுந்து முதல் அடி வைத்ததும் குதிகால் குத்துகிறது என்பார்களே, பெரும்பாலும் அந்தப் பட்டையில்தான் கோளாறு. வலிக்கிற இடத்தையே குத்திக் குத்தி அழுத்தாமல் கெண்டைக்காலை நன்றாகப் பிசைந்துவிடு, அது இறுகினால் குதிகாலையும் சேர்த்து இழுக்கும். கடைசியில் மறுபடி நீளமாக வழித்துவிடு, ஒவ்வொரு முறையும் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வா. நடுவில் எண்ணெய் எடுக்க வேண்டியிருந்தாலும் ஒரு கை காலிலேயே இருக்கட்டும். இரண்டு கையையும் எடுத்துவிட்டுத் திரும்பத் தொட்டால் கண்ணை மூடியிருப்பவர் திடுக்கிட்டு முழிப்பார்.

உன் கட்டைவிரலுக்கு வருகிறேன். அழுத்தமெல்லாம் விரலிலிருந்து வந்தால் இந்த வேலையில் நீடிக்க முடியாது. முக்காலியில் உட்கார்ந்து, அவர் கால் உன் வயிற்று உயரத்துக்கு வரும்படி வைத்துக்கொள். கட்டைவிரலை வளைக்காமல் நேராக வைத்து, உடம்பை முன்னே சாய்த்து உன் பாரத்தை இறக்கு. இன்னும் அழுத்து என்கிறவர்களுக்கு விரல் முட்டியையும் முன்கையையும் பயன்படுத்து. நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், மோதிரம் கூடாது.

எண்ணெய்க்கு நம் தேங்காய் எண்ணெயே போதும், ஒரு காலுக்கு ஒரு தேக்கரண்டி. நல்லெண்ணெய் கனமாக இருக்கும், வாசனையும் எல்லாருக்கும் பிடிக்காது. பாதாம் எண்ணெய் என்றால் கொட்டை வகை ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டுக்கொள். முடிந்ததும் வெந்நீரில் பிழிந்த துவாலையால் உள்ளங்காலை நன்றாகத் துடைத்த பிறகுதான் எழுந்திருக்கச் சொல்ல வேண்டும், சலூன் தரை டைல் வழுக்கும்.

ஓய்வுபெற்ற தாதி:

மகளே, இனிப்புநீர் பற்றிக் கேட்டாயே, அதற்கு மட்டும் எழுதுகிறேன். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இனிப்புநீர் இருந்தது. நம் இந்தியர்களிடையே அது இன்னும் கூடுதல். நாடு முழுக்க இனிப்புநீர் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியவில்லை. அதனால் இல்லை என்று வாயால் சொல்வதை மட்டும் நம்பாதே.

நரம்பு மரத்துப்போன காலுக்குச் சூடும் தெரியாது, வலியும் தெரியாது. நீ பலமாக அழுத்தினாலும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். கிளினிக்கில் நாங்கள் பயன்படுத்தும் எளிய சோதனை ஒன்று உண்டு: கண்ணை மூடச் சொல்லிவிட்டு, இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உன் ஆள்காட்டி விரலால் ஒன்றிரண்டு விநாடி மெல்லத் தொடு. குத்தாதே, தட்டாதே. தொட்டது தெரிந்ததும் சொல்லச் சொல். ஆறில் இரண்டு இடம் தெரியாவிட்டால் உணர்வு குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள். அவர்களுக்கு வெந்நீரில் கால் ஊற வைப்பது வேண்டாம், பித்தவெடிப்பையோ கால் ஆணியையோ பிளேடால் சீவுவது வேண்டவே வேண்டாம், லேசாக எண்ணெய் தடவி அனுப்பு, டாக்டரைப் பார்க்கவும் சொல். மற்றவர்களுக்கும் தண்ணீர்ச் சூட்டை உன் முழங்கையால் பார்த்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். துடைக்கும்போது விரல் இடுக்கில் ஈரம் நிற்கக்கூடாது, சேற்றுப்புண் அங்கேதான் தொடங்கும்.

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சூடாக, சிவந்து, தொட்டால் வலித்தால் அந்தக் காலைத் தொடாதே. உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், பிடித்துவிட்டால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலில் போய் அடைக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்குப் போகச் சொல். முறுக்கிக்கொண்டு புடைத்திருக்கும் ரத்தக்குழாயின் மேல் அழுத்தாதே. கோடாலித் தைலம் தோல் நன்றாக இருந்தால் ஒரு சொட்டு எண்ணெயில் கலந்து தடவலாம், வெடிப்பிலோ புண்ணிலோ பட்டால் எரியும். தடவிய கையைக் கழுவாமல் அடுத்தவருக்கு ஃபேஷியல் செய்யப் போய்விடாதே.

பால்மரத்தடி:

நான் வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து சொல்கிறேன். என் அம்மா பல வருடம் பால் வெட்டியவர். சலூனில் காலை நீட்டவே மாட்டார், என் காலை நீ தொடக்கூடாதும்மா என்று சேலைக்குள் இழுத்துக்கொள்வார். அந்த வயதுக்காரர்களுக்கு இன்னொருத்தர் தன் காலைத் தொடுவது அவ்வளவு சங்கடம், வெடித்த குதிகாலைக் காட்டுவது அதைவிடச் சங்கடம். பந்திங்கில் ஒரு பெண் என்ன செய்தாள் தெரியுமா, பாட்டி முதலில் என்னை ஆசீர்வாதம் பண்ணுங்கள் என்று காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அப்படியே மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அம்மா சிரித்துவிட்டார், அதற்குப் பிறகு காலை இழுக்கவே இல்லை.

உங்களிடம் ஒரே வேண்டுகோள், ஐயோ எவ்வளவு வெடிப்பு என்று மட்டும் சொல்லாதீர்கள், இந்த கிரீம் வாங்குங்கள் என்று அந்த நேரத்தில் விற்கவும் வேண்டாம். அழுத்தம் சரியா என்று ஆரம்பத்தில் ஒரு முறை கேட்டால் போதும், பிறகு பேச்சை அவர்களிடமே விட்டுவிடுங்கள். ஒரு காலைப் பிடித்துவிடும்போது மற்றக் காலின் மேல் ஒரு துவாலை போர்த்திவிடுங்கள், ஏர்கோன் குளிரில் கால் விறைத்துவிடுகிறது.

சுங்கை சிப்புட் தங்கச்சி:

ரொம்ப நன்றி அக்கா, நன்றி அம்மா. ஆசீர்வாதம் வாங்குவது எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, பால்மரத்தடி அவர்களே. இன்னும் இரண்டு சந்தேகம். சீனர் கடையில் உள்ளங்கால் படம் மாட்டி, இங்கே அழுத்தினால் சிறுநீரகம், இங்கே கல்லீரல் என்று போட்டிருக்கிறார்கள், அதை நாமும் சொல்லலாமா? முதலாளியம்மா தண்ணீர் சுழலும் தொட்டி வாங்கப்போகிறார், அது நல்லதா?

ஈப்போ அக்கா:

அந்தப் புள்ளிகளை அழுத்தினால் சுகமாக இருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் சிறுநீரகம் சரியாகும் என்று சொல்லாதே, அதற்கு நிரூபணம் இல்லை, நம்பி மருந்தை நிறுத்திவிட்டால் யார் பொறுப்பு?

சுழலும் தொட்டி என்றால் யோசித்து வாங்கச் சொல். 2000இல் கலிபோர்னியாவில் ஒரே சலூனுக்குப் போன 100க்கும் மேற்பட்டவர்களுக்குக் காலில் ஆறாத கட்டிகள் வந்தன. தண்ணீரை உள்ளே இழுக்கும் வலைக்குப் பின்னால் முடியும் அழுக்கும் சேர்ந்து, அதில் கிருமி வளர்ந்திருக்கிறது. வருவதற்கு முன் காலைச் சவரம் செய்தவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது. அதனால் முன்பதிவு செய்யும்போதே காலைச் சவரம் செய்துவிட்டு வராதீர்கள் என்று சொல்லிவிடு. என்னைக் கேட்டால் சாதாரண பேசின்தான் நல்லது, ஒவ்வொருவருக்கும் பிறகு சோப்புப் போட்டுத் தேய்த்து, கிருமிநாசினி ஊற்றி, டப்பாவில் போட்டிருக்கும் நேரம்வரை விட்டுக் கழுவிக் காயவைத்துவிடலாம். சுழலும் தொட்டிதான் வேண்டும் என்றால் அந்த வலையைத் தினமும் கழற்றிக் கழுவப்போவது யார் என்று வாங்கும் முன்பே முதலாளியம்மாவிடம் பேசி முடிவு செய்துகொள்.