ஓப்பி அன்ட்ராக்ட் புக்ஸ்: எங்கேருந்து ஆரம்பிக்கறது?

வெள்ளிக்கம்பி:
வெள்ளி நகை செய்ய கத்துக்கிட்டு இருக்கேன். யாரைக் கேட்டாலும் ஓப்பி அன்ட்ராக்ட் படிங்கன்னு தான் சொல்றாங்க. 1982ல வந்த "ஜுவல்லரி கான்செப்ட்ஸ் அண்ட் டெக்னாலஜி" 800 பக்கத்துக்கு மேல, பாத்ததுமே மலைச்சுப் போயிட்டேன். இவர் பட்டறையில உக்காந்து வேலை செஞ்சவரா, ஆராய்ச்சியாளர் மட்டும் தானா? எதை முதல்ல எடுக்கலாம்?

கல்லிழைப்பு:
ரெண்டுமே தாங்க. 1922ல நியூயார்க்ல பிறந்தவர், முதல்ல எனாமல் வேலை (உலோகத்து மேல கண்ணாடிப் பொடியை உருக்கி ஒட்ட வெக்கறது), 1957லயே அதுக்கு ஒரு புக் போட்டாச்சு. அப்புறம் ஃபுல்பிரைட் உதவித்தொகையில இந்தியா, நேபாளம்னு வந்தவர் இங்க உள்ள உலோக வேலையில அப்படியே மூழ்கிட்டார். மனைவி சாரா ஹோபியா பெரிய டிசைனர், ஃபின்லாந்துல போர்வோ ஊர் பொற்கொல்லர் குடும்பம், பின்னாடி ரெண்டு பேரும் அங்கேயே குடியேறிட்டாங்க. அன்ட்ராக்ட் 2008ல காலமானார். இந்திய பாரம்பரிய நகைகள் பத்தின பெரிய புக் 1997ல தான் வந்துச்சு, அத்தனை வருஷ உழைப்பு அது.

அரக்குமெழுகு:
நகை பத்தி எழுதறவங்க பலபேரு எந்த ராஜா போட்டது, கல்லு எவ்ளோ எடைங்கறதோட நிறுத்திடுவாங்க, இவருக்கு அந்தக் கல்லு எப்படி விழாம நிக்குதுங்கறதும் முக்கியம். சுத்தத் தங்கத்தை அழுத்திக் கல்லு பதிக்கிற குந்தன் வேலையையே எடுத்துக்கோங்க. கூட்டுக்குள்ள அரக்கு, அதுமேல கல்லு, சுத்தி சுத்தத் தங்க ரேக்கை நாடாவா மடிச்சு ஓரத்துல வெச்சு எஃகு முனையால அழுத்தி அழுத்தித் தேய்ப்பாங்க, கலப்பே இல்லாத தங்கம்ங்கறதால நெருப்பு இல்லாமலே ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். சூடு பட்டா விரிசல் விடற மரகதத்தைக்கூட தைரியமா பதிக்கலாம். இதைப் புரிஞ்சிட்டுப் பாத்தா குந்தன் நகை வேற மாதிரி தெரியும், அந்தக் கண்ணைக் குடுத்தவர் இவர். அதனால 800 பக்கத்தையும் வரிசையா படிக்காதீங்க, இன்னைக்கு கையில என்ன வேலையோ அந்தப் பகுதியை எடுங்க.

பட்டறைக்காரன்:
நான் இதுல கொஞ்சம் மாறுபடறேன். புதுசா வர்றவங்களுக்கு 1968ல வந்த "மெட்டல் டெக்னிக்ஸ் ஃபார் கிராஃப்ட்ஸ்மென்" தான் சரி, அடிப்படை கெட்டியாகும். ஒரே ஒரு எச்சரிக்கை, பழைய பட்டறை புக் எதைப் படிச்சாலும் அஸ்பெஸ்டாஸ் பலகை, கேட்மியம் கலந்த பத்தவைக்கிற பொடி ரெண்டையும் கிட்ட சேர்க்காதீங்க, நுரையீரல் போயிடும். சூடு தாங்கற செங்கல், கேட்மியம் இல்லாத பொடி இப்ப தாராளமா கிடைக்குது.

வெள்ளிக்கம்பி:
ரொம்ப நன்றிங்க. அப்ப 1968 புக்ல பத்தவைக்கிற பகுதியை முதல்ல படிக்கிறேன், சூடு தாங்கற செங்கலுக்கும் இந்த வாரமே மாறிடறேன்.