சூரன் தலை மாற்றும் நேரம்

உப்புவெளியான்:

கந்தசஷ்டி நெருங்கினால் என் மனம் ஒரே இடத்தில் போய் நிற்கும். இந்த வருடமும் நிற்கிறது, அதனால் எழுதுகிறேன். சூரன் போர் பார்த்து வளர்ந்த எல்லோருக்கும் இப்படி ஓர் இடம் இருக்கும். எனக்கு அது வேல் படும் இடமோ மயில் வரும் இடமோ இல்லை. மரச் சூரனுக்குத் தலை மாற்றும் இடம்.

அப்போது எட்டு வயது. ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்து கோயில் வெளிவீதி சேறாகிக் கிடந்தது. மாமாவின் தோளில் இருந்தேன். சூரனின் தம்பி தாரகனின் கட்டம் முடிந்து யானைத்தலையைக் கழற்றினார்கள். வழக்கமாகச் சூரனைப் பின்னுக்குக் கொண்டுபோய்ச் சேலையால் மறைத்துத்தான் அடுத்த தலையைப் பூட்டுவார்கள். அன்றைக்கு அடித்த வாடைக்காற்று சேலையை ஒரு பக்கம் தூக்கிவிட்டது. கழுத்தில் ஒரு மரமுளை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. கைகளில் வாளும் கேடயமும் அப்படியே. தோள் கொடுத்தவர்கள் ஆட்டத்தை நிறுத்தவில்லை, தலையில்லாத உடம்பு மேளத்துக்கு ஆடிக்கொண்டே இருந்தது. சிங்கமுகத்தைப் பூட்டியதும் சனம் ‘அரோகரா’ என்றது. நான் மாமாவின் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். சிங்கத்தைக் கண்டு பயந்துவிட்டான் என்று வீட்டில் இன்றைக்கும் சொல்கிறார்கள். சிங்கம் இல்லை. அதற்கு முந்திய அந்தக் கொஞ்ச நேரம்தான்.

உங்களுக்கு எந்த இடம்?

நிலாவெளி மகள்:

எனக்குச் சூரன் போர் இல்லை, கோயிலில் நடக்கும் கந்தபுராணப் படிப்பு. சுனாமிக்கு அடுத்த சஷ்டி, 2005. எங்கள் கரையில் அந்த வருடம் எப்படி இருந்தது என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஒருவர் பாட்டைப் படிக்க, மற்றவர் பயன், அதாவது பொருள், சொல்லிக்கொண்டு போகிறார். யுத்த காண்டம். சூரனுடைய ஆட்கள் எல்லாம் செத்து அவன் தனித்து நிற்கிறான். தாய் மாயை வந்து வழி சொல்கிறாள்: ஏழு கடலுக்கும் அப்பால் அமுதம் பொருந்திய மந்தரமலை இருக்கிறது, அதைக் கொண்டுவா. இந்திரஞாலத் தேர் போய் மலையை எடுத்து வருகிறது. அதன் காற்றுப் பட்டதும் களத்தில் கிடந்த அத்தனை பேரும் நித்திரையால் எழும்புகிற மாதிரி எழும்புகிறார்கள். பயன் சொன்னவர் நல்ல குரல்காரர். எழும்பியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

எனக்குப் பக்கத்தில் இருந்த ஆச்சி கையில் இருந்த பூவை மடியில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் கேட்டார்: “அந்த மலை இப்ப எங்க கிடக்கு?”

அழவில்லை. சும்மா விலாசம் கேட்கிற மாதிரிக் கேட்டார். பிறகு முருகன் பாசுபதப் படையை விட, மலையும் போனது, எழும்பியவர்களும் போனார்கள். சனம் முழுக்க அரோகரா சொன்னது. ஆச்சி சொல்லவில்லை. எனக்கும் வாய் வரவில்லை. அசுரர்கள் அழிய வேண்டியவர்கள்தான், அதில் எனக்கு வேறு கருத்தே கிடையாது. ஆனாலும் அன்றைக்கு வரவில்லை.

கோடுகிறுக்கி:

நான் படக்கதை வரைகிறவன். காலம் தாண்டி, உலகம் தாண்டிப் பழைய பகைவனோடு மோதுகிற வீரன் வேண்டும் என்று எங்கள் பெடியன்கள் வெளிநாட்டுப் படங்களையும் விளையாட்டுகளையும் தேடிப் போகிறார்கள். நம்மிடம் 108 யுகம் ஆள வரம் வாங்கிய, 1008 அண்டங்களுக்கு அரசனான ஒரு பகைவன் இருக்கிறான். இங்கே படை தீர்ந்ததும் மற்ற அண்டங்களில் இருந்து படை வரவழைக்கிறான். இதைவிடப் பெரிய இணை உலகக் கதை எங்கே இருக்கிறது?

ரியூசன் காலத்தில் இதை இரண்டு கொப்பி நிறைய வரைந்தேன். அண்டம் ஒவ்வொன்றையும் ஒரு முட்டை மாதிரி, முட்டைக்கு முட்டை ஒரு வாசல், வாசல்தோறும் படை. கிண்ணியாப் பாலம் திறந்தது 2009இல். இது அதற்கு முன்னால், ‘பாதை’ என்கிற மிதவையில் ஏறி ஆட்களும் சைக்கிள்களுமாகத் துறை கடந்த காலம். கிண்ணியா நண்பன் ஒருவனுக்குப் பாதையில் வைத்தே கொப்பியைக் காட்டினேன். அவனுக்கு இந்தக் கதை புதிது. ஒரு பக்கம்கூடத் தாண்டாமல் பார்த்தான். கடைசிப் படத்தில் கடல் நடுவே மாமரம் இரண்டாகப் பிளக்கிறது. கொப்பியை மூடிவிட்டுக் கேட்டான்: “மச்சான், இந்த அண்டத்தில அவனுக்கு வேல் பட்டுட்டு. மத்த ஆயிரத்தி ஏழுலயும்?”

பாதை கரையில் முட்டியது. எல்லோரும் இறங்கினார்கள். பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது, மூன்றாவது கொப்பியை நான் இன்னும் தொடங்கவில்லை.

பழைய வாத்தி:

கோடுகிறுக்கி தம்பி, உங்கள் ஆர்வம் நல்லது. ஆனால் ‘இணை உலகம்’ என்ற சொல் இங்கே பொருந்தாது. நீங்கள் பார்க்கும் படங்களில் உலகத்துக்கு உலகம் அதே ஆளின் வேறு வேறு நகல் இருக்கும். கந்தபுராணத்தில் அப்படி இல்லை. சூரபன்மன் ஒரே ஒருவன். 1008 அண்டங்களும் அவன் ஒருவனின் ஆட்சிக்குள் கிடந்தவை. அவன் இங்கே வீழ்ந்தால் அத்தனையும் அந்தக் கணமே விடுபடும். உங்கள் நண்பர் கேட்டது நல்ல கேள்வி, பதில் இதுதான்.

என் அனுபவம் சிறியது. ஒரு சஷ்டிக்கு நான் பயன் சொல்லிக்கொண்டிருந்தேன். முருகன் பெருவடிவம் காட்ட, சிறுபிள்ளை என்றல்லவா இவனை நினைத்திருந்தேன் என்று சூரன் உருகும் கட்டம். கையெடுத்துக் கும்பிடவும் நினைக்கிறான். சொல்லிக்கொண்டே நிமிர்ந்தால், நான் 11 வருடம் கதைக்காமல் இருந்த ஒருவர் தூணடியில் இருந்து என்னையே பார்க்கிறார். அடுத்த பாடல்களில் அந்த வடிவம் மறைகிறது, சூரனுக்கு வந்த அறிவும் போய்விடுகிறது, பழைய பகைக்கே திரும்புகிறான். அதற்கும் பயன் சொன்னேன். புத்தகத்தை மூடி, அவரைத் தாண்டி நடந்து, வீட்டுக்குப் போனேன். அவர் இப்போது இல்லை.

படிக்க விரும்பும் இளையவர்களுக்குச் சில வார்த்தை. யுத்த காண்டத்தில் தொடங்காதீர்கள். எல்லோரும் சண்டை வேண்டும் என்று அங்கேதான் போகிறார்கள். கச்சியப்ப சிவாசாரியார் ஆறு காண்டமாக, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடலில் செய்தது காரணத்தோடுதான். உற்பத்தி, அசுர, மகேந்திர, யுத்த, தேவ, தக்ஷ என்று வரிசை. அசுர காண்டத்தைப் படித்தால்தான் சூரன் அந்த வரத்துக்காக எவ்வளவு வருந்தித் தவம் செய்தான் என்று தெரியும். அது தெரியாதவனுக்கு அவன் வெறும் பொம்மை. தக்ஷ காண்டத்தைக் கடைசியில் வைத்திருக்கிறார், ஆனால் அதில் நடப்பது காலத்தால் முந்தியது. தேவர்கள் சூரனிடம் ஏன் அவ்வளவு பாடுபட்டார்கள் என்பதற்குக் காரணம் அங்கே, தக்கனுடைய வேள்வியில் அவர்கள் போய் இருந்ததில் கிடக்கிறது. முழுக்கப் படித்து முடித்தவன் திரும்ப முதல் பாட்டுக்குப் போவான். கண்ணால் படிக்க வேண்டாம், வாய்விட்டுப் படியுங்கள். முதலில் இராகத்தோடு ஒருமுறை, பிறகு பதம் பிரித்து ஒருமுறை. ஒரு நாளைக்குப் பத்துப் பாட்டுப் போதும். பக்கத்தில் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது. உரை உள்ள பதிப்பை வாங்குங்கள். பாட்டு மனதில் பதியும்வரை உரையைப் பார்க்காதீர்கள். மழைக்காலம்தான் இதற்குத் தோதான காலம், கரண்ட் போனாலும் விளக்கு வைத்துப் படிக்கலாம்.

கோடுகிறுக்கி:

ஐயா, நீங்கள் சொன்னது விளங்குகிறது. ஒரே சூரன், சரி. ஆனால் அங்கே இருந்து போர் செய்ய வந்த படைகள் அந்தந்த அண்டத்தில் வாழ்ந்தவர்கள்தானே? பிள்ளைகுட்டியை விட்டுவிட்டு வந்திருப்பார்கள். நம்முடைய அண்டத்தில் முருகனைக் கண்டார்கள், செத்தார்கள். அங்கே காத்திருந்தவர்களுக்கு யார் போய்ச் சொன்னது? நண்பன் கேட்டது அதைத்தான் என்று இப்போது நினைக்கிறேன். இராசா யார் என்று அவன் கேட்கவில்லை.

இன்னொன்று. 11 வருடம் என்று எழுதினீர்களே, அந்தப் பத்தியை நீங்கள் மூன்று மடங்கு நீட்டி எழுதியிருந்தால் நான் நன்றி சொல்லியிருப்பேன்.

கொட்டியாபுரத்தான்:

இதற்குள் நானும் ஒன்று. மூதூரில் இருந்து லாஞ்சியில் வந்து, அப்பப்பா என்னைத் திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப்போனார். கோட்டை வாசல் தாண்டி, மான்கள் தாண்டி, சுவாமிமலை உச்சிக்கு. இராவணன் வெட்டுப் பக்கம் எட்டிப் பார்க்க வைத்து, என் சேட்டுக் கொலரைப் பின்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “நல்லாப் பார். வீரவாகு தூது போகேக்க இலங்கையைத் தாண்டித்தான் போனவன். சூரன்ட பட்டணம் இந்தத் தண்ணிக்குள்ளதான் கிடக்கு.”

கீழே கடல் நீலமாக இல்லை, கறுப்பாக இருந்தது. நான் பார்த்தேன். உள்ளே சதுரம் சதுரமாக ஏதோ தெரிந்தது. இன்றைக்கும் சொல்வேன், தெரிந்தது.

பழைய வாத்தி:

தம்பி, அதைத் திருத்தாமல் விட முடியாது. போர் முடிந்ததும் முருகன் வருணனை அழைத்து வீரமகேந்திரபுரத்தைக் கடலுக்குள் ஆழ்த்தச் சொன்னார், அது உண்மை. ஆனால் அந்த நகரம் இலங்கைக்கும் அப்பால் தென்கடலில் இருந்ததாகத்தான் புராணம். நீங்கள் நின்றது கிழக்குக் கரை. அந்தப் பாறைக்குக் கீழே கிடப்பவை, போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் கற்கள். 1956இல் கடலுக்குள் இறங்கிய சுழியோடிகள் தூண்களையும் கற்களையும் கண்டார்கள். சம்பந்தர் பாடிய தலத்தை அசுரனின் ஊரோடு சேர்த்துச் சொல்வது எனக்கு மனவருத்தம்.

கொட்டியாபுரத்தான்:

வருத்தப்படுத்த எழுதவில்லை ஐயா. அப்பப்பா பள்ளிக்கூடம் போகாதவர். கீழே இடிந்துபோன பெரிய ஒன்று கிடக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. யாருடையது என்பதில்தான் பிழை. என் கழுத்தில் இறுகிய கொலர் இப்போதும் ஞாபகம். அவருக்கும் கை நடுங்கியது.

சல்லிக்கரை:

எல்லோரும் சூரனைப் பற்றியே எழுதுகிறீர்கள். அவன் மகன் இரணியனை ஒருவரும் நினைக்கவில்லை. பானுகோபன் இல்லை, மற்றவன். தகப்பனுக்கு முதலிலேயே புத்தி சொன்னவன். போரில் தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும், தகப்பனுக்குக் கடைசிக் கடமை செய்ய ஒருவன் வேண்டுமே என்று மீனாக மாறிக் கடலுக்குள் ஒளிந்தவன்.

எங்கள் அப்பா கடல் தொழில். சூரன் போர் முடிந்த இரவு வலை போடமாட்டார். மற்ற வள்ளங்கள் போகும், எங்கள் வள்ளம் கரையில் கிடக்கும். “அந்தப் பிள்ளை தகப்பனுக்குச் செய்யக் கரைக்கு வாற நாள், வலையில விழுந்திடக் கூடாது” என்பார். அம்மா அரிசிக்குக் காசில்லை என்று சண்டை பிடித்த வருடமும் போகவில்லை.

அவர் செத்தபோது நான் கட்டாரில். மூன்று நாள் பிந்தி வந்தேன், தம்பிதான் கொள்ளி வைத்தான். 31ஆம் நாள் கடமைக்குக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனோம். இராவணன் தாய்க்குக் கடமை செய்ய உண்டாக்கியது என்று சொல்வார்களே, அந்த ஏழு கிணறும். ஒன்றில் அள்ளினால் பொறுக்கலாம், பக்கத்துக் கிணற்றில் அள்ளினால் சுடும். வாளியைத் தலைக்கு மேலே தூக்கினேன். வெந்நீர் கண்ணுக்குள் இறங்கியபோது அந்த மீனைத்தான் நினைத்தேன். தண்ணீருக்குள் இருந்தபடி, மேலே வேல் பட்ட சத்தத்தைக் கேட்டிருப்பான். கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் வெளியே வராமல் இருந்தான்?

தம்பி என் கையில் இருந்து வாளியை வாங்கி மிச்சத்தை ஊற்றினான்.

நிலாவெளி மகள்:

சல்லிக்கரை அண்ணா, எங்கள் ஆச்சி இருந்திருந்தால் இதை அவருக்குப் படித்துக் காட்டியிருப்பேன்.

உப்புவெளியான்:

நான் தொடங்கியதை முழுக்கச் சொல்லவில்லை. இதை எல்லாம் படித்தபிறகு சொல்கிறேன்.

இருபத்துமூன்று வயதில் நானும் சூரனுக்குத் தோள் கொடுத்தேன். முன்பக்கக் கொம்பு, வலது பக்கம். ஆட்டும்போது நிலத்தையும் முன்னால் நிற்கிறவரின் காலையும் தவிர ஒன்றும் தெரியாது. தலை மாற்றுவதும் தெரியாது. ஆனால் தோளுக்குத் தெரியும். யானைத்தலை கழன்றதும் பாரம் சட்டென்று குறைந்தது. நான் எதிர்பார்க்கவில்லை, ஒரு அடி முன்னுக்குத் தடுமாறினேன். பின்னால் நின்ற பெரியவர், “பிடி, பிடி, விட்டுடாத” என்றார்.

அது தாரகன் இல்லை, சிங்கமுகன் இன்னும் வரவில்லை. அந்த நேரம் யாரை விட்டுவிடாதே என்றார் என்று அவரிடம் பிறகு கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. பிடித்துக்கொண்டு ஆடினேன். பிறகு சிங்கத்தலையைப் பூட்டினார்கள், பாரம் திரும்ப இறங்கியது, சனம் அரோகரா என்றது.

இந்த வருடமும் தோள் கொடுக்கக் கேட்டிருக்கிறார்கள். போவேன்.