ஊசி எடுத்ததை எண்ணாக்குவதா?

வால்வு வாத்தியார்: ஆக்டிவ் கிராஸ்ஓவர், அதாவது ஆம்புக்கு முன்பே ஒலியைத் தாழ்ந்தது, உயர்ந்தது என்று பிரிக்கும் பெட்டி, எது வாங்கலாம் என்று 'புதுசு' கேட்டார். அதற்கு "கம்மி பட்ஜெட்டில் ஆக்டிவ் கிராஸ்ஓவர் என்றால் மினிடிஎஸ்பி 2×4 எச்டி என்ற டிஜிட்டல் பெட்டிதான், அனலாக் பெட்டியெல்லாம் கல்யாண மண்டபத்துக்கு" என்று நேற்று ஒரு மேதாவி எழுதியிருந்தார். நான் கேட்பது இசைத்தட்டு. ஊசி எடுத்த சிக்னலை எண்ணாக நறுக்கி, மறுபடி ஒட்டித் தரும் பெட்டி எனக்கு எதற்கு?

டிஎஸ்பி தம்பி: அந்த மேதாவி நான்தான், வணக்கம். அது 96 கிலோஹெர்ட்ஸில் ஓடுகிறது, அதாவது நொடிக்கு 96 ஆயிரம் முறை சிக்னலை அளக்கிறது; அதில் பாதி, 48 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் ஒலியைப் பிடிக்கும். மனிதக் காதுக்கு 20 தான் எல்லை. உங்கள் வயதில் 12 கேட்டாலே அதிசயம்.

வால்வு வாத்தியார்: வயது எதற்கு? நறுக்குகிறதா இல்லையா?

சாலிடர் சாமி: அனலாக்தான் வேண்டுமென்றால் பெஹ்ரிங்கர் சிஎக்ஸ்2310 இருக்கிறதே. ஸ்டீரியோவில் இரண்டு வழியாகப் பிரிக்கும்; பிரிக்கும் எல்லையைத் தாண்டினால் ஆக்டேவுக்கு (அதிர்வெண் இரட்டிப்போ பாதியோ ஆகும் ஒவ்வொரு முறையும்) 24 டெசிபல் குறைக்கும். சாக்கெட் எல்லாம் மேடை மைக்குக்கு வரும் எக்ஸ்எல்ஆர், வயர் நாமே அடிக்க வேண்டும். மேடைக் கருவிகளின் சிக்னல் லெவல் 1.23 வோல்ட், வீட்டுக் கருவிகளுக்கு 0.316 வோல்ட். அதைப் பார்த்து கெயின் (சிக்னலைக் கூட்டும் அளவு) வைக்காவிட்டால் ட்வீட்டரில், அதாவது உயர்ந்த ஒலிக்கான சின்ன ஸ்பீக்கரில், 'இஸ்ஸ்' தான்.

புதுசு: ஐயா, கேட்டது நான்தான். ஆக்டிவ் என்றால் ட்வீட்டருக்குத் தனி ஆம்ப் வாங்கணுமா?

வால்வு வாத்தியார்: சாமி சொன்ன 24 டெசிபல் முறை, லிங்க்விட்ஸ், ரைலி என்ற இரண்டு பொறியாளர்கள் கொடுத்தது. 1976. அன்று உன் டிஎஸ்பி எங்கே இருந்தது தம்பி?

டிஎஸ்பி தம்பி: அதே லிங்க்விட்ஸ் பிற்காலத்தில் தான் வடிவமைத்த எல்எக்ஸ்மினி ஸ்பீக்கருக்கு என்ன வைத்தார் தெரியுமா? மினிடிஎஸ்பி! அப்புறம், 80களில் வந்த பல இசைத்தட்டுகள் மூலத் தட்டில் பள்ளம் வெட்டும்போதே டிஜிட்டல் டிலே (ஒலியை எண்ணாக்கிச் சற்றுத் தாமதித்துத் தரும் கருவி) வழியாகப் போனவை. உங்கள் ஊசிக்கு வருவதே நறுக்கியதுதான்.

வால்வு வாத்தியார்: என்னிடம் இருப்பது 60களின் தட்டுகள். நறுக்குகிறதா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்.

சாலிடர் சாமி: வாத்தியாரே, போன வருடம் என் தலையில் கட்டிய ஆம்ப் இன்னும் 'ம்ம்ம்' என்று ஹம் அடிக்கிறது. அதை முதலில் பேசலாமா?

வால்வு வாத்தியார்: எர்த் ஒழுங்காகக் கொடுக்கத் தெரியாதவனெல்லாம் சாலிடர் சாமியாம்! பெயரை மாற்று.

சாலிடர் சாமி: மூன்று முறை எர்த் மாற்றியாயிற்று. பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், பெயரை மாற்றுகிறேன்.

டிஎஸ்பி தம்பி: ஹாஹா. அந்த ஹம்மும் தூய அனலாக்தானே, ரசியுங்கள்.

புதுசு: என் பட்ஜெட் பத்தாயிரம்...

வால்வு வாத்தியார்: பொறுங்கள் புதுசு. இவன் இன்னும் பதில் சொல்லவில்லை. நறுக்குகிறதா இல்லையா?