லாபியில் ஆள் சேரக் காத்திருந்த அனுபவங்கள்

இரவுப்பறவை:
தள்ளுபடியில் ஒரு ஷூட்டர், அதாவது இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம் வாங்கினேன். பெயர் வேண்டாம். துப்பாக்கி சுடும் உணர்வு, ஓட்டம், ஒலி எல்லாமே அருமை. ஆனால் இரவு பத்து மணிக்குச் சிங்கப்பூர் சர்வரில் தேடினால், பன்னிரண்டு பேர் சேர வேண்டிய லாபியில் (மேட்ச் தொடங்கும்வரை காத்திருக்கும் அறை) ஐந்து பேர்தான் இருப்பார்கள். ஆறாவது ஆள் வருவதற்குள் இரண்டு பேர் கிளம்பிவிடுவார்கள். ஐரோப்பாவுக்கு மாற்றினால் மேட்ச் உடனே கிடைக்கும். ஆனால் பிங், அதாவது சர்வருக்குப் போய் வரும் தாமதம், இருநூறு மில்லிசெகண்டுக்கு எகிறும். சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் செத்து விழுவேன்.

ஒருவழியாகச் சிங்கப்பூரில் மேட்ச் கிடைத்தபோது எதிரணி முழுக்கப் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். இருப்பவர்களே கொஞ்சம் பேர் என்றால், திறமை பார்த்து அணி பிரிக்க எந்தக் கணக்காலும் முடியாது. புதியவன் வருகிறான், அடி வாங்குகிறான், போய்விடுகிறான். மிஞ்சுவது இன்னும் கெட்டிக்காரர்கள் மட்டும். அடுத்து வருபவனுக்கு அடி இன்னும் பலமாக விழும். விளையாட்டு மோசம் என்பதால்தான் ஆட்கள் போகிறார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். லாபியில் சும்மா உட்கார்ந்திருப்பதும் அந்த நேரத்தில்தான் சேரும். நான் கேட்டு வாங்கிவிட்டேன். ஆக, அந்தக் கூட்டத்தில் இன்னும் ஒரு தலை குறைந்தது.

தீப்பெட்டி:
வெளியாகும் தேதியும் ஆள் சேராமல் செய்துவிடும். டைட்டன்ஃபால் 2 என்ற ஷூட்டர் வந்தது 2016 அக்டோபர் 28. அதற்கு ஒரு வாரம் முன்பு பேட்டில்ஃபீல்ட் 1, ஒரு வாரம் கழித்து புதிய கால் ஆஃப் டூட்டி, இரண்டுமே பெரிய ஷூட்டர்கள். இதில் வேடிக்கை, பேட்டில்ஃபீல்டை வெளியிட்டதும் டைட்டன்ஃபாலை வெளியிட்ட அதே ஈஏ நிறுவனம்தான்!

2014இல் வந்த முதல் டைட்டன்ஃபாலில் கூடுதல் மேப்களை (சண்டை நடக்கும் களங்கள்) காசுக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் ஒரு பக்கம், வாங்காதவர்கள் மறு பக்கம் என்று இருந்த கூட்டமும் பிரிந்தது. இரண்டாவதில் மேப்களை இலவசமாகவே கொடுத்தார்கள். என் நண்பர்கள் அதற்குள் வேறு விளையாட்டில் ரேங்க் ஏறியிருந்தார்கள். நான் கூப்பிட்டும் ஒருவர்கூட வரவில்லை. நண்பர்கள் இல்லாத இடத்தில் யார் தங்குவார்கள்?

மொட்டைமாடி:
கான்கார்ட் என்ற ஷூட்டரின் கதை தெரியும்தானே? 40 டாலர் விலையில் 2024 ஆகஸ்ட் 23இல் வந்தது, செப்டம்பர் 6இல் சர்வரை நிறுத்திப் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். பக்கத்திலேயே ஓவர்வாட்ச் 2, வேலொரன்ட், ஏபெக்ஸ் போன்ற ஷூட்டர்கள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும்போது யார் வாங்குவார்கள்? நான் முன்னோட்டப் பதிப்பை மட்டும் ஆடிவிட்டு விட்டுவிட்டேன்.

பழைய மவுஸ்:
கேமே ஆட்களைத் தேடிச் சேர்க்கும் மேட்ச்மேக்கிங்கே எனக்குப் பிடிக்கவில்லை. கவுன்டர்-ஸ்ட்ரைக் 1.6 என்ற பழைய ஷூட்டரில் சர்வர் பட்டியலைத் திறந்தால் எங்கே ஆள் இருக்கிறது, பிங் எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியும். முப்பது பேர் மிஞ்சினாலும் அந்த முப்பது பேரும் ஒரே சர்வரில் கூடுவார்கள். இன்றைய விளையாட்டுகள் அதே முப்பது பேரை ஆறு ஆட்ட வகைகளிலும் நான்கு பிராந்தியங்களிலும் சிதறடித்துவிட்டு, "தேடுகிறோம்" என்று ஒரு வட்டத்தைச் சுழலவிடுகின்றன. டைட்டன்ஃபால் 2க்கு 2021 டிசம்பரில் ரசிகர்கள் நார்த்ஸ்டார் என்ற மாற்றியமைத்த பதிப்பை (மாட்) உருவாக்கித் தாங்களே சர்வர் நடத்தத் தொடங்கினார்கள். இரவுப்பறவை, அதில் ஆசிய சர்வர் ஏதாவது கண்ணில் பட்டால் இங்கே சொல்லுங்கள், நானும் வருகிறேன்.