மர நிழல், மூடுபனி, 40 நாள் சம்பா கோதுமை வெளுக்குது. யூரியா போடலாமா?

ஹட்டிக்காடு:
எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் எங்க வீட்டுக்கு கீழ 15 சென்ட் இடத்துல இந்த வருஷம் சம்பா கோதுமை போட்டிருக்கோம். தேயிலை எடுத்துட்டு கேரட், பீன்ஸ் போட்டுட்டு இருந்த இடம். பாட்டி காலத்துல இங்க கோதுமை, பார்லி, சாமை எல்லாம் சாதாரணமா விளைஞ்சதுன்னு சொல்லுவாங்க, அதனால ஆசையா ஆரம்பிச்சது. உயரமா வளர்ற நாட்டு ரகம். அக்டோபர் நடுவுல விதைச்சோம், இப்ப 40 நாள் பயிர்.

விஷயம் என்னன்னா பாதி இடம் திறந்த வெளி, மீதி பாதிக்கு கிழக்கால வரிசையா சில்வர் ஓக் மரம் நிக்குது, காலைல பதினோரு மணி வரைக்கும் நிழல்தான், மத்தியானம் வெயில் வர்ற நேரத்துக்கு மிஸ்ட் இறங்கிடுது, மூணு வாரமா மழையும் மேகமும் வேற. நிழல் பக்கம் பயிர் ஒல்லியா நீண்டுபோய் வெளிர் பச்சையா இருக்கு, ஒரு தூருக்கு ரெண்டு சிம்புக்கு (பக்கத் தண்டு) மேல இல்ல, அடி இலை மஞ்சளாகுது. திறந்த பக்கம் நாலஞ்சு சிம்பு இருக்கு.

இதுவரைக்கும் போட்டது தொழு உரம், அடியுரமா டிஏபி (தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள உரம்) 5 கிலோ, 22ம் நாள் யூரியா 3 கிலோ. பொட்டாஷ் போடல. உரக்கடைல கேட்டா இன்னும் 5 கிலோ யூரியா அடிச்சா தூக்கிரும்னு சொல்றாங்க. போடலாமா?

மண்வாசி:
போடாதீங்க. இப்ப பயிருக்கு பத்தாதது யூரியா இல்ல, வெளிச்சம். உரத்துல இருந்து வேர் நைட்ரேட்டா எடுக்கற தழைச்சத்து இலைக்குள்ள போய் புரதமா மாறணும்னா அதுக்கு வெளிச்சம் வேணும், ஒளிச்சேர்க்கைல உண்டாகுற சர்க்கரையும் வேணும். ரெண்டும் இல்லாதப்ப தழைச்சத்த (நைட்ரஜன்) கொட்டினா இலைல நைட்ரேட்டாவே தேங்கி நிக்கும், தண்டு சதைப்பில்லாம நீளும், கணு இடைவெளி கூடும், கடைசில ஒரு காத்து மழைக்கு மொத்தமா படுத்துரும். பசிக்காத குழந்தைக்கு சோறு திணிக்கற மாதிரி. உங்களுது நாட்டு சம்பா வேற, குட்டை ரகத்த விட சீக்கிரம் சாயும்.

கணக்கு பாருங்க. வடக்க பாசன கோதுமைக்கு எக்டேருக்கு தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து (பொட்டாஷ்) 120:60:40 கிலோன்னு பொதுவா சொல்றது குட்டை ரகத்துக்கு. உயரமான ரகத்துக்கு தழைச்சத்துல பாதி, அதாவது 60 கிலோவோட நிறுத்திக்கறதுதான் என் கருத்து. உங்க டிஏபில 18 சதவீதம், யூரியால 46 சதவீதம் தழைச்சத்து, ரெண்டும் சேர்த்து 2.28 கிலோ போயிருக்கு, 15 சென்டுக்கு அது எக்டேர் கணக்குல கிட்டத்தட்ட 38 கிலோ. தொழு உரத்துல இருந்து வர்றது தனி. மிச்சம் இருக்கற இடம் ரொம்ப கம்மி. கடைக்காரர் சொன்ன 5 கிலோவையும் போட்டா 75 தாண்டிரும், நிழல்ல நிக்கற பயிருக்கு அது ரொம்ப ஜாஸ்தி.

நான் செய்யறதா இருந்தா, திறந்த பாதிக்கு இன்னும் ஒன்றரை கிலோ யூரியா, நிழல் பாதிக்கு முக்கால் கிலோ, அவ்வளவுதான். அதையும் இப்ப போட மாட்டேன், மழை விட்டு ரெண்டு மூணு நாள் வானம் வெளுத்ததும் ஈர மண்ணுல பாதி, தண்டு உருண்டு கணு விடுறப்ப மீதி. பொட்டாஷ் மட்டும் விடாதீங்க, மொத்த இடத்துக்கும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் 4 கிலோ, ரெண்டு தடவையா. தண்டு கெட்டியா நிக்க அது உதவும்.

அப்புறம் உங்க ஊர் மண்ணு புளிப்பு மண்ணு (அமில மண்). ஒரு செடிய மண்ணோட பேத்து, வேர தண்ணில அலசி பாருங்க. வெள்ளையா, பக்க வேர் நிறைய விட்டிருந்தா கவலை இல்ல. பழுப்பா, நசுக்கினா வழவழன்னு வந்தா தண்ணி தேங்கியிருக்கு. நுனி தடிச்சு கட்டையா, மெல்லிசு வேரே இல்லாம இருந்தா அது புளிப்பு மண்ணுல அலுமினியம் பண்ற வேலை. அந்த மாதிரி மண்ணுல நீங்க போட்ட டிஏபியோட மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) செடிக்கு கிடைக்காம மண்ணுல கட்டுப்பட்டு போயிரும், மேல எவ்வளவு யூரியா போட்டாலும் பிரயோஜனம் இல்ல.

யமுனாநகர்_தமிழன்:
நான் ஹரியானாவுல யமுனாநகர் பக்கம் பிளைவுட் வேலைல இருக்கேன். இங்க பாப்ளர் மரத்துக்கு நடுவுலதான் கோதுமை போடுறாங்க. அது நடக்கறதுக்கு காரணமே பாப்ளர் குளிர் காலத்துல இலைய கொட்டிரும், கோதுமை வளர்ற சமயத்துல மேல வெறும் குச்சிதான் நிக்கும். அப்படியும் மரம் மூணு நாலு வருஷம் ஆச்சுன்னா விளைச்சல் குறையுது, நிறைய பேர் நிழல் தாங்குற மஞ்சளுக்கு மாறிடுறாங்க. உங்க சில்வர் ஓக் இப்படி மொத்தமா இலை கொட்டாது, டிசம்பர்லயும் நிழல்தான், அதனால மரத்த கவனிக்காம உரத்த மட்டும் பேசி பயன் இல்ல.

இன்னொன்னு, இங்க டிசம்பர் ஜனவரில வாரக்கணக்குல பனிமூட்டம், சூரியனையே பாக்க முடியாது, கோதுமை மஞ்சளாகும், எல்லாரும் யூரியா மூட்டைக்கு ஓடுவாங்க. நாலு நாள் வெயில் அடிச்சா பெரும்பாலும் தானாவே பச்சை திரும்பிரும். அவசரப்படாதீங்க.

வேளாண்மாணவி:
மேல ரெண்டு பேரும் சொன்னதோட ஒன்னு சேர்க்கறேன். கோதுமைக்கு எல்லா நாளும் வெளிச்சம் ஒரே அளவுக்கு முக்கியம் இல்ல. 1985ல ஃபிஷர்ங்கிற விஞ்ஞானி மெக்சிகோ வயல்கள்ல எடுத்த கணக்குகள வெச்சு எழுதினது இதுதான்: பூக்கறதுக்கு முந்தின சுமார் 30 நாள்ல கிடைக்கற வெளிச்சமும் அப்போதைய வெப்பநிலையும்தான் மணி எண்ணிக்கைய முடிவு பண்ணுது. அந்த நாட்கள்ல நிழல் விழுந்தா கதிருல மணியே குறைஞ்சிரும், பின்னாடி என்ன போட்டாலும் திரும்ப வராது.

உங்க பயிர் ஜனவரில பூக்கும்னு வெச்சுக்கோங்க அக்கா, அப்ப அந்த 30 நாள் டிசம்பர் நடுவுல தொடங்குது. நீலகிரில பெரும்பாலும் அந்த நேரத்துக்கு மேல வடகிழக்கு பருவமழை குறைஞ்சு வானம் தெளியும், அதனால மேகத்த பத்தி ரொம்ப கவலைப்பட வேண்டாம், மரம்தான் பிரச்சனை. தேயிலை தோட்டத்துல மழைக்கு முன்னாடி ஏப்ரல் மே மாசத்துல நிழல் மரத்துக்கு கிளை கழிப்பாங்க இல்ல, அதே மாதிரி இந்த மாசக் கடைசிக்குள்ள கிழக்கு வரிசைல கீழ்க் கிளைகள கழிச்சு விடுங்க. மரத்தையே வெட்டணும்னா மலைப்பகுதி மரப் பாதுகாப்பு சட்டம் 1955 இருக்கு, அனுமதி இல்லாம தொடாதீங்க, கிளைக்கும் அனுமதி வேணுமான்னு முதல்ல கேட்டுக்கோங்க. கிளை கழிச்சதுக்கு அப்புறம்தான் அந்த முக்கால் கிலோ யூரியாவ போடுங்க, அப்பதான் செடிக்கு அத சாப்பிட தெம்பு இருக்கும்.

ரஸ்ட்டையும் (இலைல பொடியா வர்ற பூஞ்சை நோய், துரு) மறந்துடாதீங்க ப்ளீஸ். நீலகிரி துரு நோய்க்கு பேர் போன இடம், குன்னூர் பக்கம் வெலிங்டன்ல கோதுமை ஆராய்ச்சி நிலையம் இருக்கறதுக்கும் அது ஒரு பெரிய காரணம். இலை ஈரமாவே இருக்கற மூடுபனி, நெருக்கமா கொழுத்த இலை, கூடுதல் தழைச்சத்து மூணும் சேர்ந்தா துருவுக்கு கொண்டாட்டம். அடி இலைய விரலால தடவி பாருங்க, ஆரஞ்சு நிறத்துலயோ செங்கல் நிறத்துலயோ பொடி ஒட்டுதான்னு.

ஹட்டிக்காடு:
ரொம்ப நன்றி அண்ணா, தங்கச்சி. இன்னைக்கு காலைல ரெண்டு பக்கமும் செடி பிடுங்கி அலசி பாத்தேன். திறந்த பக்கம் வேர் வெள்ளையா, முடி மாதிரி நிறைய விட்டிருக்கு. நிழல் பக்கம் மேல் ரெண்டு அங்குலம் வரைக்கும் பரவாயில்ல, அதுக்கு கீழ பழுப்பு, லேசா நாத்தம் கூட வருது. மேல் படில (மேல இருக்கற அடுக்கு நிலம்) இருந்து தண்ணி கசிஞ்சு அங்கதான் நிக்குது. இலைல பொடி எதுவும் ஒட்டல.

அடுப்பு சாம்பல் நிறைய இருக்கு, புளிப்புக்கு அத போடலாமா?

மண்வாசி:
அப்ப முதல் வேலை மேல் படி ஓரமா ஒரு முழ ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி தண்ணிய வெளிய விடுங்க. தண்ணி நிக்கற மண்ணுல வேருக்கு காத்து இல்ல, அந்த மஞ்சள்ல பாதி அதனாலதான்.

சாம்பல் நல்லதுதான், புளிப்பும் குறையும், பொட்டாஷும் கிடைக்கும், லேசா தூவலாம். ஆனா யூரியாவோட சேர்த்து போட்டா தழைச்சத்து அமோனியாவா காத்துல போயிரும், ரெண்டுக்கும் நடுவுல பத்து நாளாவது விடுங்க. சாம்பல் போடுற அளவுக்கு பொட்டாஷ குறைச்சுக்கலாம். அறுவடை முடிஞ்சதும் மண் பரிசோதனைக்கு கொடுத்துட்டு, பிஎச் (புளிப்பு அளவு) பாத்து அடுத்த விதைப்புக்கு முன்னாடி டோலமைட் சுண்ணாம்பு போட்டு கிளறி விடுங்க, அத இப்ப நிக்கற பயிருல போட முடியாது.

ஹட்டிக்காடு:
சரி அண்ணா. வாய்க்காலுக்கு நாளைக்கு ஆள் வர சொல்லிருக்கேன், கிளை கழிக்கறவர் சனிக்கிழமை வர்றார். யூரியா வானம் வெளுத்த பிறகுதான்.