டாட் மோபி: இன்னும் மனசை விட்டுப் போகாத அந்த ஒரு சம்பவம் (அனுபவப் பகிர்வு)

லோகோ_ஸ்லைடு:

ரொம்ப நாளா உறுத்திக்கிட்டே இருக்கு, எழுதித் தொலைச்சிடறேன். 2006 கடைசி. டாட் காம் மாதிரி வலை முகவரியோட கடைசியில வர்ற டாட் மோபியை (.mobi) எல்லாருக்கும் திறந்துவிட்ட புதுசு. நான் அப்ப வலைத்தளம் செஞ்சு கொடுக்கிற சின்ன கம்பெனியில விற்பனைப் பக்கம். "கைபேசிக்குன்னே தனி முகவரி"ன்னு ஆரம்பிச்சாலே எதிர்ல இருக்கிறவர் கொட்டாவி விடுவார். அதனால பேச்சைக் குறைச்சிட்டு ஒரே ஒரு ஸ்லைடு வெச்சிருந்தேன். வெறும் லோகோ. நோக்கியா, மைக்ரோசாஃப்ட், கூகுள், வோடஃபோன், எரிக்சன், சாம்சங், டி-மொபைல், டெலிஃபோனிகா, கைபேசி சேவை நிறுவனங்களோட கூட்டமைப்பான ஜிஎஸ்எம் சங்கம். இவங்கெல்லாம் பின்னால நிக்கிறாங்கன்னு மேல ஒரு வரி.

அன்னிக்கு வந்த வாடிக்கையாளர் பெரியவர், சொந்தத் தொழில். ஸ்லைடைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தம்பி, போன் செய்யறவன், லைன் கொடுக்கறவன், தேடித் தர்றவன் எல்லாரும் ஒண்ணா நிக்கறான். அப்புறம் இது எப்படி ஓடாம போகும்?" அவரே கேட்டு அவரே தலையாட்டிக்கிட்டார். நான் வாயே திறக்கலை. அஞ்சு முகவரி, அஞ்சு வருஷத்துக்கு.

2008-ல வேற வேலையா போனப்ப புது போனை எடுத்து மேசையில வெச்சார். தொடுதிரை. அவரோட பழைய டாட் காம் பக்கம் முழுசா விரிஞ்சு கிடந்தது. ரெண்டு விரலை வெச்சு அகட்டினார், எழுத்து பெருசாச்சு. சுருக்கினார். என்னைப் பார்த்தார். மறுபடி அகட்டினார். ஒரு வார்த்தை பேசலை. திட்டியிருக்கலாம்.

பட்டன்போன்_காலம்:

அண்ணே, உங்க ஆளாவது அகட்டிப் பார்த்தார். எங்க ஆளுங்களால அந்த முகவரியை அடிக்கவே முடியலை.

வெளியிடறதுக்கு முன்னால ஆறு பேர் கையில பட்டன் போனைக் கொடுத்து அடிக்கச் சொன்னோம். ஒரே பட்டன்ல மூணு நாலு எழுத்து, அதுக்கப்புறம் அந்த எண். நீங்களே எண்ணுங்க. எம்முக்கு 6-ஐ ஒரு தடவை, ஓவுக்கு அதே 6-ஐ மூணு தடவை, பிக்கு 2-ஐ ரெண்டு தடவை, ஐக்கு 4-ஐ மூணு தடவை. ஆக ஒன்பது அழுத்து. டாட் காமுக்கு ஏழுதான்! கைபேசிக்குன்னே பிறந்த பேரு, கைபேசியில அடிக்கத்தான் கூடுதல் வேலை. அதுலயும் எம்மும் ஓவும் ஒரே பட்டன். நடுவுல ஒரு நொடி காத்திருக்காம அடிச்சா நாலு அழுத்தும் சேர்ந்து "6"ன்னு விழுந்துடும்.

ஒரு அம்மா மூணு தடவை அடிச்சாங்க. மூணு தடவையும் டாட் சிக்ஸ் பி ஐ. கடைசியா போனை என்கிட்ட காட்டி, "இதுதானே தம்பி நீங்க சொன்னது, சிக்ஸ் பை?"ன்னாங்க. நம்பிக்கையோட. எங்க மேனேஜர் பக்கத்துலயே நின்னுட்டு நோட்டுல எழுதினார்: "பயனருக்குப் பயிற்சி தேவை."

31_பேர்_வெச்சிருந்தவன்:

லாபத்துக்கு முகவரிப் பேரை வாங்கி விற்கிற கூட்டத்துல நானும் ஒருத்தன், மறைக்க என்ன இருக்கு. 2006 செப்டம்பர்ல கதவு திறந்த அன்னைக்கே பதினொண்ணு பிடிச்சேன். அதோட நிறுத்தியிருப்பேன். அக்டோபர்ல ஃப்ளவர்ஸ் டாட் மோபி ஏலத்துல 200,000 டாலருக்குப் போச்சுன்னு செய்தி. அன்னிக்கு ராத்திரியே இன்னும் இருபது. அடுத்த வருஷம் மியூசிக் டாட் மோபி 616,000 டாலர்னதும், நான் தீர்க்கதரிசின்னே வீட்டுல சொல்லிட்டேன்.

ஒரே ஒரு பேருக்குத்தான் யாரோ விலை கேட்டு வந்தாங்க. நான் பெரிய தொகை சொல்லி மெயில் போட்டேன். ஒரே வரியில பதில்: "ஐயா, உங்கள் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது, கவனித்தீர்களா?" கவனிக்கலை. ராத்திரி அவசரத்துல தப்பா அடிச்ச பேரை மூணு வருஷம் புதுப்பிச்சிருக்கேன்.

(ஃப்ளவர்ஸ் டாட் மோபி 2010-ல 6,500 டாலருக்குக் கை மாறிச்சு. அதைப் படிச்சப்ப கொஞ்சம் ஆறுதலா இருந்தது உண்மை.)

தெளிவாகச்_சொல்கிறேன்:

முதலில் எழுதியவர் பழியை ஆதரவு நிறுவனங்கள் மேல் போடுவதுபோல் எழுதியிருக்கிறார். தவறு. 2004-லேயே வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ இந்த நீட்டிப்பு (முகவரியின் கடைசிப் பகுதி) வேண்டாம் என்று வெளிப்படையாக எழுதிவிட்டார். ஒரு முகவரி எந்தக் கருவியில் திறந்தாலும் ஒரே பொருளைத் தர வேண்டும், கருவிக்கு ஒரு வலை என்று பிரித்தால் வலையின் அடிப்படையே ஆட்டம் காணும் என்பது அவர் வாதம். அதையும் மீறி 2005-ல் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் அமைப்பான ஐகேன் அனுமதித்தது. ஆகவே விற்றவரும் வாங்கியவரும் படிக்க வேண்டியதைப் படிக்கவில்லை.

என் அனுபவம்: நானும் ஒன்று வாங்கினேன், விட்டுவிட்டேன். அவ்வளவுதான்.

இனி புது நீட்டிப்பு எதையாவது வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பின்னால் நிற்கும் பெரிய பெயர்களைப் பார்க்காதீர்கள். பங்குக்குச் சிறு தொகை போடுவது வேறு, தன் சொந்த முகவரியை அங்கே மாற்றுவது வேறு. அவர்கள் விளம்பரத்தின் அடியில் எந்த முகவரி அச்சாகிறது என்று பாருங்கள், அதுதான் அவர்களுடைய உண்மையான எண்ணம். அடுத்து, பதிவகம், அதாவது அந்த நீட்டிப்பின் பெயர்களையெல்லாம் நிர்வகிக்கும் நிறுவனம், யார் கையில் என்று பாருங்கள். டாட் மோபியை டப்ளினில் இருந்த ஒரு நிறுவனம் நடத்தியது. 2010-ல் அஃபிலியாஸ் வாங்கியது. அஃபிலியாஸை டோனட்ஸ் வாங்கியது. இன்று அது ஐடென்டிட்டி டிஜிட்டல். உங்கள் பெயர் உங்களைக் கேட்காமலே வீடு மாறிக்கொண்டிருக்கும். முதல் வருட விலையைப் பார்த்து மயங்காதீர்கள், புதுப்பிக்கும் விலையைக் கேளுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை முதல் நாளே அணைத்துவிட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். மிக முக்கியம்: ஒரு டொமைனைக் கைவிடும் முன் அதில் இருந்த மின்னஞ்சல் முகவரியை வைத்து எங்கெங்கே கணக்குத் தொடங்கினீர்கள் என்று பட்டியல் எடுங்கள். நீங்கள் விட்ட பெயரை நாளை வேறொருவர் எடுத்தால், உங்கள் பாஸ்வேர்டை மாற்றும் இணைப்பு அவருக்குத்தான் போகும்.

31_பேர்_வெச்சிருந்தவன்:

சார், யாரும் கேட்கலையே.

பழைய_ஸ்கிரிப்ட்:

கேட்காவிட்டாலும் அந்தக் கடைசி வரி சரி. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

2024 செப்டம்பரில் வாட்ச்டவர் (watchTowr) என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்து ஆட்கள் எழுதியதைப் படித்திருப்பீர்கள். டாட் மோபியின் பழைய ஹூஈஸ் (ஒரு பெயருக்கு யார் உரிமையாளர் என்று சொல்லும்) சர்வர் இருந்த டொமைன் காலாவதியாகிக் கிடந்தது. பதிவகம் எப்போதோ புது முகவரிக்கு மாறிவிட்டது, பழையதை யாரும் சீந்தவில்லை. இவர்கள் 20 டாலருக்கு வாங்கி ஒரு சர்வரை ஏற்றி வைத்தார்கள். சில நாட்களுக்குள் 135,000-க்கும் மேற்பட்ட இயந்திரங்கள் வந்து கதவைத் தட்டின, 25 லட்சம் கேள்விகள். அரசு மெயில் சர்வர்கள் உட்பட. கேட்டவர்களுக்கு என்ன பதில் வேண்டுமானாலும் தரலாம் என்ற நிலை. மைக்ரோசாஃப்ட் டாட் மோபியின் உரிமையாளர் மின்னஞ்சல் என்று தங்கள் முகவரியைக் காட்டினால், தளம் உண்மையானதுதான் என்று சான்றிதழ் தரும் ஒரு நிறுவனம் அதையும் நம்பி உறுதிசெய்யும் மடலை அனுப்பத் தயாராக இருந்தது. சான்றிதழை வாங்காமல் அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். அப்படிச் சரிபார்க்கும் முறையையே 2025-ல் மூட வேண்டி வந்தது.

படித்து முடித்ததும் சிரிப்புத்தான் வந்தது. யார் இவ்வளவு பழைய முகவரியை இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று. சும்மா எங்கள் கோப்புகளிலும் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்தேன். ஒரே ஒரு இடம். டொமைன் விவரம் கேட்க நான் எழுதிய ஸ்கிரிப்ட், உள்ளே ஹூஈஸ் சர்வர்களின் பட்டியல். அந்த வரிக்கு மேலே நானே போட்ட குறிப்பு: "இந்தப் பட்டியல் மாறாது, தொட வேண்டாம்." தொடவே இல்லை, பல வருடமாக. அந்த 25 லட்சத்தில் எங்களுடையது எத்தனை என்று கணக்குப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இருபது_கேபி:

எல்லாரும் திட்டுகிறீர்கள், நான் மட்டும் கொஞ்சம் நன்றி சொல்லிவிட்டுப் போகிறேன். டாட் மோபி வாங்கினால் மூன்று கட்டுப்பாடு இருந்தது: முகப்புப் பக்கம் கைபேசிக்கான எக்ஸ்ஹெச்டிஎம்எல் என்ற பக்க மொழியில் இருக்க வேண்டும், ஃபிரேம் (பக்கத்தைத் துண்டுகளாகப் பிரிப்பது) கூடாது, முன்னால் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ போடாமலே திறக்க வேண்டும். சோதித்துப் பார்க்க ரெடி டாட் மோபி என்று ஒரு தளம். முகவரியைக் கொடுத்தால் பக்கத்தை அலசி மதிப்பெண் போடும்.

என் முதல் பக்கத்துக்கு அது போட்ட மதிப்பெண்ணைப் பார்த்து அவமானமாக இருந்தது. அழகழகான படம் வைத்திருந்தேன். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் வழிகாட்டியோ படம், ஸ்டைல் எல்லாம் சேர்த்துப் பக்கம் 20 கிலோபைட்டுக்குள் இருக்கச் சொன்னது, திரை அகலம் 120 பிக்சல்தான் என்று வைத்துக்கொள்ளச் சொன்னது. என் தலைப்புப் படம் மட்டும் 64 கிலோபைட். ஒரு ராத்திரி முழுக்க ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கடைசியில் ஒரு லோகோ, ஐந்து வரி, ஒரு தொலைபேசி எண். பொழுது விடியும் நேரத்தில் பச்சை காட்டியது. அந்தச் சந்தோஷம் அதற்குப் பிறகு எந்தத் தளத்திலும் கிடைக்கவில்லை. பக்கத்தைப் பார்க்க யாரும் வரவில்லை என்பது வேறு கதை.

ஆனால் பட்டன்போன் நண்பரே, உங்கள் கணக்கில் ஒரு இடறல். டாட் காமிலும் ஓவுக்கு அப்புறம் எம், இரண்டுமே 6-தானே? அவசரப்பட்டால் அங்கேயும் "சி6" என்றுதான் விழும். அந்த அம்மாவின் குழப்பத்தை டாட் மோபி தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை.

லோகோ_ஸ்லைடு:

தெளிவா சொல்றவரே, நான் அந்தக் கம்பெனிங்க மேல பழி போடலை. ஸ்லைடைச் செஞ்சது நான். லோகோ எல்லாத்தையும் ஒரே அளவுல வெட்டி ஒட்டினதும் நான்தான்.

பட்டன்போன்_காலம்:

இருபது_கேபி சொன்னது சரிதான். பரண்ல இருந்து பழைய போனை இறக்கி சார்ஜ் போட்டு இப்ப அடிச்சுப் பார்த்தேன். டாட் காம் முதல் தடவையே சரியா வந்துச்சு. ஓவுக்கு அப்புறம் விரல் தானா நிக்குது, அவ்வளவு வருஷப் பழக்கம். டாட் மோபி நாலு தடவை அடிச்சேன். நாலு தடவையும் சிக்ஸ் பை.